அன்பும் வன்மையும்: சிறுத்தொண்டர் வரலாறும் பேராக் தமிழரின் சமயச் சீர்திருத்தமும்

முன்னுரை

இறைவன் அன்பு வடிவினன் என்பது சைவ சமயத்தின் அடிப்படைக் கொள்கை. அன்பும் சிவமும் வேறல்ல என்னும் திருமூலரின் கருத்து மலேசியத் தமிழ்ப் பள்ளிகளிலும் ஆலயத் திருமுறை வகுப்புகளிலும் பலமுறை எடுத்துரைக்கப்படுகின்றது. அதே வகுப்பில், அதே ஆசிரியர், அடுத்த வாரம் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றைச் சொல்ல நேரிடுகின்றது. பெற்ற மகனை அறுத்துக் கறி சமைத்துத் தருமாறு கேட்டவன் அந்த அன்பு வடிவினனே என்று கேட்கும் பத்து வயதுச் சிறுவன், "சாமி ஏன் அப்படிக் கேட்டார்?" என்று வினவினால் ஆசிரியர் யாது கூறுவார்? "அது திருவிளையாடல்" என்று கூறி அடுத்த பாடத்திற்குச் செல்வதே பெரும்பாலும் எளிய வழியாகத் தோன்றும்.

இவ்வினா புதியதன்று. தமிழ்ச் சமூகம் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளாக இதற்குப் பல்வேறு விடைகளைக் கூறி வந்துள்ளது. மலாயா மண்ணில், சிறப்பாகப் பேராக் மாநிலத்தில், இது ஏட்டளவில் நில்லாது தோட்டப்புற வழிபாட்டையும் தொட்ட சிக்கலாயிற்று. அவ்விடைகளை வரலாற்று நோக்கில் தொகுத்துக் காண்பதும், அவற்றுள் எவை இன்றைய தமிழாசிரியருக்குத் துணை நிற்கும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியபுராணத்தில் வன்மைச் செயல்கள்

சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பெரியபுராணத்தை இயற்றினார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இந்நூல் பன்னிரண்டாம் திருமுறையாகப் போற்றப்படுகின்றது. இதில் இடம்பெறும் வன்மைச் செயல்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அடியார் தம்மைத் தாமே வருத்திக் கொள்வது. கண்ணப்பர் தம் கண்ணை அகழ்ந்து அப்பியதும், அரிவாட்டாயர் தம் கழுத்தை அரியத் தொடங்கியதும், கலியர் விளக்கெரிக்கத் தம் குருதியைத் தர முனைந்ததும் இவ்வகையின. இரண்டாவது, உற்றார்மீது செலுத்தும் வன்மை. சண்டேசர் தந்தையின் கால்களைத் துணித்ததும், கோட்புலியார் இறைவனுக்கென வைத்த நெல்லை உண்ட சுற்றத்தாரைக் குழந்தை உட்படக் கொன்றதும், சிறுத்தொண்டர் மகனை அறுத்ததும் இதில் அடங்கும். மூன்றாவது, மாற்றுச் சமயத்தார்மீது நிகழ்ந்ததாகக் கூறப்படும் வன்மை. மதுரையில் சம்பந்தரோடு வாதிட்டுத் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தி இதற்குத் தக்க சான்று.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையாகாது. தன்னை வருத்துபவன் தன் உடலையே இழக்கிறான். மகனை அறுப்பவன் பிறிதோர் உயிரை, அதுவும் மறுக்க இயலாத ஓர் உயிரை எடுக்கிறான். மாற்றுச் சமயத்தாரைக் கழுவேற்றுவதோ அரசு அதிகாரத்தின் துணைகொண்டு நிகழ்வது. வாசகர் மனத்தில் இவை எழுப்பும் வினாக்களும் வேறு வேறு.

இந்நூலிலேயே இவற்றிற்கு நேர்மாறான வரலாறும் உண்டு என்பதை மறத்தலாகாது. அடியார் வேடம் பூண்டு வந்து தம்மைக் குத்திய முத்தநாதனைக் கொல்ல முற்பட்ட தத்தனை மெய்ப்பொருள் நாயனார் தடுத்தார். தம்மைக் கொன்றவன் ஊர் எல்லையைத் தீங்கின்றிக் கடந்தான் என்ற செய்தி வரும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். வாளை எடுப்பவரும் வாளைத் தடுப்பவரும் ஒரே நூலில், ஒரே 'அடியார்' என்னும் பெயரில் நிற்கின்றனர்.

சிறுத்தொண்டர் வரலாறு: நூல்வழி வளர்ச்சி

பரஞ்சோதியார் பல்லவர் படைத்தலைவர். வாதாபியை அழித்த வீரர். முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த வாதாபி வெற்றியோடு இவரை இணைத்துக் காண்பர். பின்னர் அவர் படைத்தொழிலை விடுத்துத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுது படைத்து வாழ்ந்தார். பைரவ வேடத்தில் வந்த இறைவன், ஐந்து வயது நிரம்பிய, ஒரு குடிக்கு ஒரே மகனாகிய, உறுப்பில் குறையற்ற சிறுவனைத் தாய் பிடிக்கத் தந்தை மகிழ்ந்து அரிந்து சமைத்துத் தரவேண்டும் என்றார். திருவெண்காட்டு நங்கை பிடித்துக்கொள்ள, சீராளன் அறுக்கப்பட்டான். அமுது படைத்தபின், உடன் உண்ண உன் மகனை அழை என்றார் பைரவர். அழைத்தபோது பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப் போலச் சீராளன் வந்தான். பைரவர் மறைந்தார், கலத்தில் இருந்த கறியும் மறைந்தது, அம்மையப்பராக இறைவன் காட்சி தந்தார்.

இவ்வரலாறு நூல்வழி வளர்ந்த முறை கருதத்தக்கது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் செங்காட்டங்குடி மேவிய சிறுத்தொண்டர் என்று மட்டும் குறிக்கிறார். மகனைப் பற்றிய செய்தி அங்கில்லை. சம்பந்தர் தேவாரத்திலும் சிறுத்தொண்டர் பெயர் இறைவனை வழிபடும் அடியாராகவே இடம்பெறுகின்றது. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியிலேதான் மகனை அறுத்த செய்தி வருகின்றது. சேக்கிழார் அதனை விரிவான காப்பியக் காட்சியாக அமைத்தார். தொகை நூல் பெயரளவில் பாடுவதால் அதன் மௌனத்தைக் கொண்டு அக்கதை அக்காலத்தில் இல்லை என்று முடிவு கட்ட இயலாது. எனினும், நமக்குக் கிடைக்கும் சான்றுகளின் வரிசையில் முதலில் நிற்பது தொண்டு; வாள் பின்னரே வருகின்றது.

சமணர் கழுவேற்றச் செய்தியிலும் இத்தகைய நிலையே காணப்படுகின்றது. சம்பந்தர் பதிகங்களில் சமணரைக் கடிந்துரைக்கும் பகுதிகள் பலவாயினும், எண்ணாயிரவர் கழுவேறியதை அவர் பாடவில்லை. அதனைப் பிற்கால நூல்களே உரைக்கின்றன. வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாற்று நிகழ்ச்சியாக ஏற்கவில்லை. சம்பந்தருக்குப் பிந்திய நூற்றாண்டுகளிலும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் கழுகுமலையிலும் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் தொடர்ந்து எழுந்துள்ளமை, சமணம் அங்கு ஒரே நாளில் அழிந்துவிடவில்லை என்பதற்குத் தக்க சான்றாகும்.

சைவ மரபு கூறிய விடைகள்

இக்கதைகளின் கடுமையைச் சைவ மரபு உணராமல் இல்லை. பதினான்கு சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார், அடியார் செயல்களை மெல்வினை, வல்வினை என இருவகைப்படுத்துகின்றது. பூசை முதலிய மென்மையான தொண்டுகள் மெல்வினை. தந்தையின் தாளைத் துணித்தல், மைந்தனை அரிதல் போன்றவை வல்வினை. யான், எனது என்னும் பற்று முற்றும் அற்ற நிலையில் நிகழ்ந்தவை என்பதே வல்வினைக்கு அந்நூல் மரபு தரும் விளக்கம். இவ்விளக்கத்தின் உட்பொருளை நோக்கினால், வல்வினை பிறர் பின்பற்றுதற்குரிய நெறியாக அமையாது. தற்போதம் உள்ள ஒருவன் அதனைச் செய்யப் புகுந்தால் அது கொலையே ஆகும்.

இறைவன் நிலையிலிருந்து நோக்குமிடத்து, அறக்கருணை, மறக்கருணை என்னும் பாகுபாட்டைச் சித்தாந்தம் முன்வைக்கின்றது. தாய் பாலூட்டுவதும் மருந்தூட்டுவதும் அன்பினாலேயே என்பது போல, அருளலும் ஒறுத்தலும் ஒரே கருணையின் இரு தோற்றங்கள் என்பர். இது தண்டனைக்குப் பொருந்தும் விளக்கம். ஆயின் சீராளன் செய்த பிழை யாது என்ற வினாவிற்கு இதனால் விடை கிடைப்பதில்லை.

பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடலொன்று இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. மகனை வாளால் அரிந்து ஊட்டவும், கண்ணை இடந்து அப்பவும் தம்மால் இயலாது என்று கூறி, தாம் எங்ஙனம் காளத்தி அப்பருக்கு ஆளாவது என்று அவர் ஏங்குகிறார். மேலோட்டமாக நோக்கின் இது பணிவுரை. ஊன்றி நோக்கின், அச்செயலைத் தமக்குரிய கடமையாக ஏற்க இயலாத ஒரு பக்தரின் நேர்மையான ஒப்புதலும் ஆகும். சைவத்தின் உள்ளிருந்தே எழுந்த இக்குரலைத் தமிழாசிரியர்கள் மாணவருக்கு அறிமுகம் செய்தல் நன்று.

19ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் புதிய வடிவம் பெற்றது. பாதிரிமார் புராணக் கதைகளைச் சாடினர். பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், பழைய ஏற்பாட்டுக் கிரியைகளையே எடுத்துக்காட்டி மறுமொழி கூறினார். 1852இல் பெரியபுராணத்தை வசன நடையில் வெளியிட்ட அதே நாவலர், கோயில்களில் உயிர்ப்பலி இடுவதை வன்மையாகக் கண்டித்தார். வள்ளலார் இராமலிங்க அடிகள் நாயன்மாரைப் போற்றியவாறே சீவகாருணியத்தைச் சமயத்தின் திறவுகோலாக ஆக்கினார். நூலைக் கைவிடாது, நூலினும் உயர்ந்ததோர் அறத்தை அளவுகோலாகக் கொள்ளும் நெறி இவ்வாறு உருவாயிற்று.

பிற சமயங்களில் இவ்வினா

இது சைவர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பார், பழைய ஏற்பாட்டின் கடுமையான இறைவனும் இயேசுவின் தந்தையாகிய இறைவனும் வேறு வேறானவர் என வாதிட்டார். திருச்சபை அதனை ஏற்கவில்லை. பின்வந்த அகுஸ்தீன், இறையன்பிற்கும் பிறரன்பிற்கும் பொருந்தாத பகுதிகளை உருவகமாகக் கொள்ளவேண்டும் என விதி வகுத்தார். ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற வரலாற்றை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு மெய்யியலாளர் கீர்க்ககார்டு, 1843இல் வெளியிட்ட நூலில், அச்செயல் அறநெறியின் எல்லையைக் கடந்து நிற்பதையும் அதன் அச்சத்தையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

இசுலாமிய மரபில் நபி இப்ராகிம் வரலாறு ஆண்டுதோறும் ஹாஜிப் பெருநாளில் நினைவுகூரப்படுகின்றது. ஆகவே பேராக் மாநிலத்தில் தமிழ் மாணவரும் மலாய் மாணவரும் கிறித்தவ மாணவரும் ஏறத்தாழ ஒரே கதையை மூன்று வடிவங்களில் கேட்டு வளர்கின்றனர் எனலாம். வேறுபாடும் உண்டு. ஆபிரகாமின் கை தடுக்கப்படுகின்றது. சிறுத்தொண்டரின் கை தடுக்கப்படவில்லை. மகன் மீண்டு வருவதால்தான் கதை தாங்கத்தக்கதாகின்றது. டேவிட் சுல்மன் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். டென்னிஸ் அட்சன், ஜார்ஜ் ஹார்ட், ஆனி மோனியஸ் ஆகியோரும் நாயன்மாரின் வன்மைச் செயல்களைப் பற்றி எழுதியுள்ளனர்.

ஈப்போ மாநாடும் சீர்திருத்தமும்

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர் கன்றுகள் பின்னாளில் பேராக்கின் முகத்தையே மாற்றின. கங்காணி முறையில் வந்த தமிழ்த் தொழிலாளர் தம்முடன் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் கொண்டு வந்தனர். தோட்டத்து நடுவில் அம்மனுக்கும், எல்லையில் காவல் தெய்வத்திற்கும் இடம் அமைந்தது. ஆண்டுத் திருவிழாவில் ஆடும் கோழியும் பலியிடப்பட்டன. தீமிதியும் அலகு குத்துதலும் நிகழ்ந்தன. இத்தொழிலாளரைப் பொறுத்தவரை வன்மை பொருந்திய தெய்வம் முரண்பாடு அன்று. காடும் காய்ச்சலும் துரையின் அதிகாரமும் சூழ்ந்த வாழ்வில், கையில் அரிவாள் ஏந்திய முனியாண்டியே காக்கக்கூடிய தெய்வமாக விளங்கினார்.

இச்சூழலில்தான் 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி மலாயா வந்து, ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் பங்கேற்றார். அவர் வருகைக்கு எதிர்ப்பும் எழுந்தது. சாதி வேற்றுமையையும் மூடவழக்கங்களையும் புராணக் கதைகளையும் சாடிய சுயமரியாதைக் கருத்துகள் அதன்பின் இந்நாட்டில் வேரூன்றின. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். உயிர்ப்பலி, அலகுக் காவடி, தீமிதி ஆகியவை கண்டனத்திற்கு உள்ளாயின. தமிழகத்தில் 1943இல் கம்பராமாயணமும் பெரியபுராணமும் எரிக்கப்பட வேண்டுமா என்பது பற்றி அறிஞர் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் நிகழ்த்திய சொற்போர் 'தீ பரவட்டும்' என்னும் நூலாக வெளிவந்தது. பெரியார் 1954இல் மீண்டும் மலாயா வந்தார்.

பகுத்தறிவாளரின் விடை நேரடியானது: அன்புள்ள இறைவன் இங்ஙனம் கேட்டிரான்; கேட்டான் எனில் அவன் வணங்கத்தக்கவன் அல்லன். இவ்விடையின் அறச்சீற்றத்தை எளிதில் ஒதுக்க இயலாது. குழந்தையின் பக்கம் நின்று அக்கதையைக் கேட்டவர்கள் அவர்களே.

சமயத்தின் உள்ளிருந்தும் மாற்றம் நிகழ்ந்தது. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் உயிர்ப்பலியை எதிர்த்து வந்துள்ளது. பல தோட்டக் கோயில்களில் ஆட்டிற்கும் கோழிக்கும் மாற்றாகப் பூசணிக்காயும் எலுமிச்சையும் வந்தன. இரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட, தொழிலாளர் நகர்ப்புறங்களில் குடியேறினர். இடம்பெயர்ந்த கோயில்கள் பலவும் ஆகம முறையைத் தழுவின. காவல் தெய்வங்கள் ஒதுக்குப்புறம் சென்றன, அல்லது பெயர் மாறின. சி. அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூல், சீர்திருத்தக் கருத்துகள் இங்குள்ள சமய வாழ்வில் ஏற்படுத்திய மாற்றங்களை அறிய இன்றும் பயன்படுகின்றது.

ஆட்டை விட்டோம், சீராளனை?

இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடு புலப்படுகின்றது. கல்வி கற்ற நகர்ப்புறத்தார், ஏழைத் தொழிலாளி முனியாண்டிக்கு அறுத்த கோழியைக் காட்டுமிராண்டித்தனம் என்றனர். அவர்களே ஏட்டில் உள்ள குழந்தைப் பலியைப் பக்தியின் உச்சம் எனப் போற்றினர். எளியோர் சடங்கில் உள்ள வன்மை உடனே கண்ணில் பட்டது; உயர்ந்த இலக்கியத்தில் உள்ள வன்மை தமிழின் அழகில் மறைந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது சிற்றூர்க் கோயில் மக்களே பாதிக்கப்பட்டனர். 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. நேர்மை வேண்டுமெனில் இரண்டிற்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோலை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவமும், மெய்ப்பொருளாரின் மன்னிப்பும், வள்ளலாரின் சீவகாருணியமும் தமிழ் மரபே. இவற்றைக் கொண்டு நோக்கும்போது சிறுத்தொண்டர் வரலாற்றில் வேறொன்றும் தெளிவாகின்றது. வாதாபியை அழித்த வாளில் எத்தனையோ தாய்மாரின் மக்கள் மாண்டிருப்பர். அவ்வாள் தன் வீட்டில் நுழையும்போதுதான் நாம் பதறுகிறோம். இங்ஙனம் பொருள் கொள்வது சேக்கிழாரின் நோக்கம் என்று இக்கட்டுரையாளர் கூறவரவில்லை. ஆயினும் படைத்தலைவராக இருந்தவரையே இக்கதை தேர்ந்துள்ளமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இறுதியில் அங்கு எவரும் எதையும் உண்ணவில்லை என்பதும் நினைவிற்குரியது. கேட்டவர் உண்ணாமல் மறைகிறார். குழந்தை உயிருடன் நிற்கிறது. இறைவன் உயிர்ப்பலியை வேண்டுபவன் அல்லன் என்று படிக்க நூலே இடமளிக்கின்றது. ஆயினும் இவ்விளக்கமும் முழு விடையாகிவிடாது. மகன் மீள்வான் என்று அறியாமலே தாய் அவனைப் பிடித்தாள். அந்த ஒரு கணத்தின் கொடுமையை எவ்வுரையும் முற்றாக நீக்கிவிடவில்லை.

சமணர் கழுவேற்றம் பற்றிய பகுதியே பல்லினச் சமூகத்தில் மிகுந்த கவனத்துடன் கற்பிக்கப்பட வேண்டியது. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளில் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயமும் சீனரின் குகைக் கோயில்களும் அண்மையிலேயே அமைந்துள்ளன. ஓரிடத்து மணியோசையை மற்றோரிடத்தார் கேட்டு வாழ்கின்றனர். இங்கு வளரும் மாணவனிடம் மாற்றுச் சமயத்தாரின் அழிவை வெற்றியாகச் சொல்லிக் கொடுப்பது அவன் வாழும் ஊருக்கே பொருந்தாது. அச்செய்திக்குச் சமகாலச் சான்று இல்லை என்பதையும், சமணர் தமிழுக்கு ஆற்றிய பெருந்தொண்டையும் சேர்த்தே உரைத்தல் ஆசிரியர் கடன்.

முடிவுரை

அன்புள்ள இறைவனையும் வன்மை நிறைந்த நூலையும் இணைத்துக் காணத் தமிழர் ஐந்து வழிகளை நாடியுள்ளனர்: நூலின் வளர்ச்சியை வரலாற்று முறையில் ஆராய்தல், வல்வினை எனப் பிரித்து விலக்காகக் கொள்ளுதல், மறக்கருணை எனத் தத்துவ விளக்கம் அளித்தல், சீவகாருணியத்தை அளவுகோலாகக் கொண்டு படித்தல், முற்றாக மறுத்தல். இவற்றுள் ஒன்றே போதும் என்று கூறுவதற்கில்லை. முதலாவதும் நான்காவதும் வகுப்பறைக்கு மிகவும் ஏற்றவை. ஐந்தாவதன் சீற்றம் ஏனைய நான்கையும் விழிப்புடன் வைத்திருக்கின்றது.

பத்து வயதுச் சிறுவன் வினவும்போது அவனை அதட்டாதிருப்பதே முதற்கடமை. சீராளனுக்காக அவன் பதறுவது பக்தியின் குறைவன்று. அன்பே சமயம் என்று நாம் கற்பித்தது அவன் உள்ளத்தில் பதிந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. "எனக்கும் அது கடினமாகவே உள்ளது, நம் முன்னோரில் சிலரும் தம்மால் இயலாது என்றே பாடியுள்ளனர்" என்று ஆசிரியர் கூறலாம். அவ்வாறு கூறுவதால் பெரியபுராணம் சிறுமையுறாது. தோட்டத்துக் கோயிலில் ஆட்டின் இடத்தில் பூசணிக்காயை வைத்த மக்கள் தம் தெய்வத்தைக் கைவிடவில்லை. தெய்வம் எதை விரும்பும் என்பதைப் பற்றிய தம் எண்ணத்தையே திருத்திக் கொண்டனர். ஏட்டை ஓதுவோரும் அத்துணிவை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.